மூன்று பந்தியும் ஒரு நாற்காலியும்

1938 ஜூலை 4, திங்கள்

ஆறாவது நாளாகச் சாரல். கொடியில் கிடந்த சட்டை காயவில்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

இந்த வருஷத்து டைம்டேபிளை இன்று பலகையில் ஒட்டினார்கள். எழுதியவன் நான். என் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கிறது என்று பிரின்ஸ்பால் ஆறுமுகநயினார் எல்லாரிடமும் சொல்லுவார். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஐந்து மணி, எட்டு லெக்சரர்கள், ஒரு தமிழ்ப் பண்டிதர். அத்தனை கட்டத்தில் ஒன்றிலாவது 'ம. முப்பிடாதி, பி.ஏ., கணித டியூட்டர்' என்று இருக்கிறதா என்று பார்த்தேன். நானே எழுதிய தாளில் நானே தேடினேன். பைத்தியக்காரத்தனம்தான். போன வருஷமும் இல்லை, இந்த வருஷமும் இல்லை.

"பையன்கள் இன்னும் பக்குவப்படலை, மிஸ்டர் முப்பிடாதி. கொஞ்சம் பொறுமையா இருங்க" என்பார் பிரின்ஸ்பால். அவர்கள் பக்குவப்படுகிற வரையில் நான் லைப்ரரிக்குப் பின்னால் ஓர் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் நடத்திய பாடத்துக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிறேன். வருகைப் பதிவேடுகளைக் கூட்டிச் சரிபார்க்கிறேன். ஆதிதிராவிடன் நடத்தினால் பாடம் தீட்டு. திருத்தினால் தாள் தீட்டில்லை. நான் சிவப்பு மையில் போட்ட மார்க்கைப் பையன்கள் வீட்டில் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள்.

நான் இங்கே சேர்ந்தபோது, தென்காசியில் ஒரு கல்லூரி ஆதிதிராவிட வாலிபர் ஒருவரை ஆசிரியராக நியமித்திருக்கிறது என்று பட்டணத்துப் பத்திரிகையில் மூன்று வரி வந்தது. குருவம்மாள் அதை வெட்டித் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறாள். இந்த ஊரில் என்னை ஆசிரியன் என்று நம்புகிற ஒரே ஆள் என் பெண்டாட்டி.

ஜூலை 6

இண்டர்மீடியட்டின் முதல் வருஷமான ஜூனியர் வகுப்பில் சேர்ந்தவர்களின் பட்டியல் வந்தது. நாற்பத்திரண்டு பேரில் எங்கள் ஆள் ஒருவன். பெயர் சுடலைக்கண்ணு. கீழப்பாவூருக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூட இறுதிப் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

மத்தியானம் என் அறை வாசலில் வந்து நின்றான். முழங்கால் வரை சேறு. "உள்ள வா" என்றேன். "சேறு சார்" என்றான். இந்த அறையில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை என்று சொல்லி உட்கார வைத்தேன்.

ஒன்பது மைல் நடந்து வருகிறான். பஸ்ஸுக்கு வழியில்லை. காலையில் பண்ணையார் வீட்டுத் தொழுவத்தைக் கூட்டிச் சாணி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் புறப்பட முடியும். இல்லாவிட்டால் தகப்பனார் பதில் சொல்ல வேண்டும். கல்லூரி பத்து மணிக்கு. இவன் வந்து சேருவது பத்தே முக்காலுக்கு. முதல் மணி கணக்கு. எங்கள் கணித லெக்சரர் மணி அடித்ததும் பேர் வாசித்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்.

"நடக்கதுல ஒண்ணும் இல்ல சார். நோட்டு நனையுது, அதான்" என்றான்.

ஒவ்வொரு பாடத்திலும் முக்கால்வாசி வருகை இல்லாவிட்டால் சீனியர் வகுப்புக்கு ஏற்றமாட்டார்கள். ஏற்றாவிட்டால் சர்க்கார் உபகாரச் சம்பளம் நின்றுவிடும். நின்றால் மறுபடியும் தொழுவம்தான். விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே ஆறு அறை காலியாகக் கிடக்கிறது. அவனை வைத்துக்கொண்டே மனு எழுதினேன்.

ஜூலை 11

இன்று ஒரு காரியம் செய்தேன். ஒட்டிய டைம்டேபிளில் பிழை இருக்கிறது என்று சொல்லிக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ஜூனியர் வகுப்புக்குக் கணக்கை மூன்றாம் மணிக்குத் தள்ளி, முதல் மணியில் தமிழை வைத்தேன்.

தமிழ்ப் பண்டிதர் துல்கர்னைனிடம் முன்னாலேயே பேசிவிட்டேன். கடையநல்லூர்க்காரர். மூவாயிரம் பாட்டு வாயில் வைத்திருக்கிறார். ஆசிரியர் அறையில் எட்டு நாற்காலி, எட்டும் லெக்சரர்களுக்கு. பண்டிதருக்குச் சுவரோரம் பெஞ்சு. லெக்சரருக்குக் கிடைப்பதில் பாதிச் சம்பளம். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அந்தச் சிரிப்பு எனக்கு வராது.

"பேரு வாசிக்கது ஆரம்பத்துலயா கடைசியிலயான்னு எந்தச் சட்டத்துலயும் இல்லவே. நான் கடைசியில வாசிப்பேன். அதுவரைக்கும் கதவு தொறந்து கெடக்கும்" என்றார்.

பிரின்ஸ்பால் ஏன் மாற்றினீர்கள் என்றார். கணித லெக்சரர் ரயிலில் வருகிறவர், இரைக்க இரைக்க வந்து பாடம் நடத்துகிறார், அவருக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்றேன். லெக்சரர் என்னைப் பார்த்து முதல் தடவையாகத் தலையசைத்தார்.

எனக்கு இருக்கிற அதிகாரம் ஒரு ஸ்கேலும் பேனாவும். அதைக்கொண்டு ஒருவனுக்கு ஒரு மணி நேரம் வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றேன்.

ஜூலை 19

விடுதி மனுவுக்குப் பதில் இல்லை.

குருவம்மாள் சொன்னாள்: "இங்கன நம்ம கூடயே இருக்கட்டுமே அந்தப் பிள்ள. ஆக்குத சோத்துல ஒரு கை போடணும், அம்புட்டுத்தான்." நாங்கள் இருப்பது சைதூன் பீவி வீட்டின் பின்கட்டு. ஊருக்குள் வேறு யாரும் எங்களுக்கு வீடு தரவில்லை. ஓர் அறையும் தாழ்வாரமும். தாழ்வாரத்தில் ஒருவன் படுக்கலாம்தான்.

நான் முடியாது என்றேன். நாம் இடம் கொடுத்துவிட்டால் கல்லூரி கொடுக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடும். அவனுக்கு வேண்டியது நம் தயவு இல்லை, அவனுடைய இடம். இவ்வளவும் அவளிடம் சொன்னேன், மேடையில் பேசுகிற மாதிரி.

"பேசுததெல்லாம் சரிதான். அவன் நடக்கானே" என்றாள்.

ஆகஸ்ட் 3, புதன்

பிரின்ஸ்பால் கூப்பிட்டனுப்பினார். வருஷா வருஷம் சீசனில் குற்றாலத்தில் கல்லூரிக் குழுப்படம் எடுப்பது வழக்கம். போன வருஷம் அந்தப் படத்துக்கு நான் கேமராக்காரர் தலைக்கு மேல் குடை பிடித்தேன். அவருடைய கறுப்புத் துணி நனைந்துவிடக் கூடாதாம். படம் நன்றாக வந்தது. நான் அதில் இல்லை.

இந்த வருஷம் நான் உட்கார வேண்டுமாம். அதுவும் பிரின்ஸ்பாலுக்கு இடப்பக்கம், முதல் நாற்காலி. கார்த்திகை மாதம் வாக்கில் பல்கலைக்கழகக் கமிஷன் வருகிறது. அவர்கள் சம்மதித்தால் இங்கே பி.ஏ. வகுப்பு ஆரம்பிக்கலாம். எல்லா வகுப்பாரும் சமமாக நடத்தப்படுகிறார்களா, ஆசிரியர்களில் யார் யார், மாணவர்களில் யார் யார் என்றெல்லாம் கேட்பார்களாம். "நம்மகிட்டத்தான் அரிஜன ஆசிரியரே இருக்காரே, பக்கத்துல எந்தக் காலேஜுல இருக்கு" என்றார். அரிஜன் என்று சொல்லும்போது அவர் குரல் குழைகிறது, நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி.

நான் சொன்னேன்: உட்காருகிறேன். சுடலைக்கண்ணுவுக்கு விடுதியில் இடம் வேண்டும்.

யோசித்தார். "ஆகட்டும். அவனையும் படத்துல முன்னால உக்கார வச்சிருங்க" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 13, சனி

குற்றாலம் போய் வந்தோம். சிற்றாற்றங்கரையில், பின்னால் பேரருவி தெரியும்படி, பக்கத்துச் சத்திரத்தில் இரவல் வாங்கிய நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் திவலை வந்து கண்ணாடியில் படியும், கேமராக்காரர் துடைப்பார், மறுபடியும் திவலை.

சுடலைக்கண்ணு உட்கார மாட்டேன் என்று ஒதுங்கி நின்றான். "படத்துல உக்காந்து என்ன சார். சாப்பாட்டுல உக்காரணும்லா" என்றான். நான் அவனை அதட்டினேன். எல்லார் முன்னாலும். "சொன்னதைச் செய்லே. எல்லாம் உனக்காகத்தான்" என்றேன். '1938' என்று எழுதிய பலகையை அவன் கையில் கொடுத்து முன்வரிசையில் தரையில் உட்கார வைத்தேன். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். துல்கர்னைன் மூன்றாவது வரிசையில் பெஞ்சின் மேல் நின்றார்.

படம் எடுத்தபின் எல்லாரும் அருவிக்குப் போனார்கள். பிரின்ஸ்பால் என் தோளருகில் வந்து, "நீங்க ரெண்டு பேரும் கீழே ஆத்துல குளிச்சிடுங்க, கூட்டம் கம்மியா இருக்கும்" என்றார். குளித்தோம். அதே தண்ணீர்தான். எல்லாரையும் குளிப்பாட்டிவிட்டு எங்களிடம் வந்தது.

சாப்பாடு சத்திரத்தில். எங்களுக்கு மட்டும் ஆற்றங்கரைப் பாறையில் கட்டுச்சோறு. துல்கர்னைன் உள்ளே போகாமல் தன் பொட்டலத்தோடு எங்களிடம் வந்து உட்கார்ந்தார். புளியோதரை நன்றாகத்தான் இருந்தது என்று எழுதி வைக்கிறேன்.

திரும்பும்போது பார்த்தேன். நாற்காலிகளையெல்லாம் சத்திரத்துக்குள் எடுத்துப் போய்விட்டார்கள். ஒன்று மட்டும் ஆற்றங்கரையில் சாரலில் நனைந்துகொண்டு நின்றது. எது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 16

கல்லூரி பியூன் ஆதம் ஒரு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். சத்திரத்துக்காரர்கள் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்களாம். கல்லூரி அதற்கு விலை கொடுக்க வேண்டியதாயிற்றாம். "ஒங்க அறையிலயே போட்டுரச் சொன்னாவ சார்."

தேக்கு. கைப்பிடியில் பூ வேலை. ஆசிரியர் அறையில் இருப்பவற்றைவிட நல்ல நாற்காலி. கொஞ்ச நேரம் நான் அதைப் பார்த்துக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தேன்.

துல்கர்னைன் வந்தார். விஷயத்தைக் கேட்டார். துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். "பதினோரு வருசத்துல இந்தக் காலேஜுல நான் உக்காருத மொத நாற்காலி இதுதான்வே" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

செப்டம்பர் 9

விடுதிக் கமிட்டி கூடியது. தீர்மானத்தைப் படியெடுக்கக் கொடுத்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதே.

விடுதியில் மூன்று பந்தி. பிராமணப் பிள்ளைகளுக்கு ஒன்று, சைவப் பிள்ளைகளுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. சுடலைக்கண்ணு எந்தப் பந்தியில் என்பதுதான் கேள்வியாம். முதல் இரண்டும் பேச்சே இல்லை. மூன்றாம் பந்திப் பையன்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: அவன் உட்கார்ந்தால் நாங்கள் எழுந்துவிடுவோம். முதல் இரண்டு பந்தியிலும் தங்களை உட்காரவிடுவதில்லை என்று போன வருஷம் மகஜர் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அந்த மகஜரையும் படியெடுத்தவன் நான்தான்.

தீர்மானம்: 'விடுதியில் இடம் உண்டு. பந்தியில் இடம் இல்லாமையால் மனு நிறுத்தி வைக்கப்படுகிறது.'

பிரின்ஸ்பாலிடம் போனேன். "நான் கொடுத்த வாக்கு வாக்குதான். கமிஷன் வந்து போகட்டும். இப்ப அவசரப்பட்டா எல்லாம் கெட்டுப்போகும்" என்றார்.

அக்டோபர் 2

சுடலைக்கண்ணுவின் தமிழ் வருகை முழுசு. கணக்கில் முழுசு. நடக்கிறான். செருப்பு அறுந்துவிட்டது.

நவம்பர் 14, திங்கள்

கமிஷன் வந்தது. மூன்று பேர்.

காலையில் பிரின்ஸ்பால் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இன்று மூன்றாம் மணி ஜூனியர் கணக்கு நான் நடத்த வேண்டும். இரண்டு, சுடலைக்கண்ணுவுக்கு அறை ஒதுக்கி உத்தரவு தயாராக இருக்கிறது, கமிஷன் போனதும் கையெழுத்து. தாளையும் காட்டினார். டைப் அடித்திருந்தது.

பாடம் நடத்தினேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கையில் சாக்பீஸ். ஈருறுப்புத் தேற்றம். பையன்களுக்கு முன்னாலேயே புத்தி சொல்லியிருப்பார்கள், பொம்மை மாதிரி இருந்தார்கள். பத்து நிமிஷம் போனபின் ஒருவன் நிஜமாகவே எழுதத் தொடங்கினான். மூன்றாம் பந்திக்காரன் ஒருவன் எழுந்து, அடுக்கு பின்னமாக இருந்தால் என்ன ஆகும் சார் என்று கேட்டான். அது வேஷத்துக்குக் கேட்ட கேள்வி இல்லை. நான் கமிஷனை மறந்தே போனேன். மணி அடித்தபோது கையெல்லாம் சுண்ணாம்பு. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதற்குத்தானே நான் படித்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கெட்டேன்.

வகுப்பு முடிந்து, கமிஷனில் மூத்தவர் சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டு, "விடுதியில் இருக்கிறாயா?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பிரின்ஸ்பாலும் என்னைப் பார்த்தார். இல்லை என்று நான் சொன்னால் பி.ஏ. வகுப்பு போகும், என் வேலை போகும், டைப் அடித்த தாள் கிழியும். ஆம் என்று சொன்னால் இன்று மாலையே கையெழுத்து. இவ்வளவையும் ஒரு மூச்சில் கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியார் இல்லையா.

"இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நவம்பர் 15

உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது. அறையும் எது என்று தெரிந்துவிட்டது. விடுதிக்கு வெளியே விறகுக் கொட்டகை. சமையல் அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். விறகு தீர்ந்ததும் காலி செய்து கொடுப்பார்களாம். நேற்றுத்தான் இரண்டு வண்டி விறகு இறக்கியிருக்கிறார்கள்.

1939 ஜனவரி 20

பி.ஏ. வகுப்புக்கு அனுமதி வந்துவிட்டது. எல்லாருக்கும் லட்டு. என் பங்கை ஆதம் வாழையிலையில் கொண்டுவந்து பெஞ்சின் மேல் வைத்தான்.

கல்லூரி பெரிசாகப் போகிறதால் டைம்டேபிள் போட இனிமேல் மூன்று பேர் கமிட்டி. நான் அதில் இல்லை. கணக்கு பழையபடி முதல் மணிக்குப் போய்விட்டது. சீக்கிரம் முடித்தால் லெக்சரர் மத்தியான ரயிலைப் பிடிக்கலாமாம். என் சாக்கையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஜனவரி 31

விறகுக் கொட்டகையில் விறகு.

பிப்ரவரி 14

சுடலைக்கண்ணு பத்தே முக்காலுக்கு வந்து சாத்திய கதவுக்கு வெளியே நின்று பாடம் கேட்கிறான். ஜன்னல் வழியாகக் கரும்பலகையில் பாதி தெரியும். அந்தப் பாதியை வைத்து மறுபாதியை அவனே போட்டுக்கொள்கிறான். நோட்டைப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

குருவம்மாள் மறுபடியும் கேட்டாள். விடுதி உத்தரவு இருக்கிறது, அதை விடக் கூடாது என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 17, வெள்ளி

வருஷக் கடைசி வருகைக் கூட்டல். இந்த வேலையை மட்டும் என்னிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. சுடலைக்கண்ணு, கணக்கு: நூற்றுக்கு எழுபத்தொன்று. மூன்று தடவை கூட்டினேன். எழுபத்தொன்றுதான்.

துல்கர்னைன் என் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்தார். "கொஞ்சம் போலக் கோடு போட்டாச் சரியாப் போச்சுவே. ஒம்ம பேனா, ஒம்ம கை. யாரு பாக்கப் போறா?" என்றார்.

முடியாது என்றேன். நான் ஒரு கோடு தப்பாகப் போட்டேன் என்று தெரிந்தால், இனி இந்தக் கல்லூரிக்குள் எங்கள் ஆள் ஒருவன் பேனாவைத் தொட முடியாது. எங்களுக்கு மட்டும் ஒருத்தன் செய்தது எல்லாருக்கும் ஒட்டும்.

அவர் போனபின் உட்கார்ந்து யோசித்தேன். கல்லூரிக்காக நாக்கால் பொய் சொன்னேன். அந்தப் பையனுக்காகப் பேனாவால் சொல்ல மாட்டேன் என்கிறேன். என்ன யோக்கியன் நான்?

மார்ச் 20

வருகை குறைந்தவர்களை மன்னித்து ஏற்றச் சொல்லி எழுத பிரின்ஸ்பாலுக்கு அதிகாரம் உண்டு. போன வருஷம் நாலு பேருக்கு எழுதினார். அதில் ஒருவன் அறுபத்தெட்டு. கல்யாணம் என்று ஒரு மாதம் வராதவன்.

போய்க் கேட்டேன். ஒன்பது மைல் நடக்கிறான் என்றேன்.

பிரின்ஸ்பால் மேஜையில் இருந்த கமிஷன் அறிக்கையைப் புரட்டி எடுத்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். 'ஆதிதிராவிட மாணவருக்கு விடுதியில் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதாக அவ்வகுப்பைச் சேர்ந்த ஆசிரியரே எங்களிடம் தெரிவித்தார்.'

"விடுதியில இருக்கிறவன் முதல் மணிக்கு வரலைன்னா, அதை நான் என்னன்னு சொல்லி மன்னிக்கச் சொல்றது? நடந்து வாரான்னு எழுதினா, அன்னைக்கு நீங்க சொன்னது பொய்னு ஆகுமே, மிஸ்டர் முப்பிடாதி. உங்களுக்குத்தான் கஷ்டம்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்படுகிற மாதிரியே சொன்னார். அவர் அப்படி வருத்தப்பட்டும் இருக்கலாம், அதுதான் தாங்கவில்லை. ஏன்டா முப்பிடாதி, அன்னைக்கு வாயைத் தொறந்தே? அவன்கிட்டத்தானே கேட்டாக? அவன் சொல்லியிருப்பானே. அவனுக்கு வாய் இல்லையா?

மார்ச் 21

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 5

சுடலைக்கண்ணு வந்தான். செங்கோட்டைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். பறித்த கொளுந்தை நிறுத்து எழுத வேண்டும். "கணக்கு வேலதான் சார்" என்றான்.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையில் இருந்ததையும் சொன்னேன். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எடம் இல்லைன்னு சொல்லியிருந்தா நான் நடந்தே படிச்சிருப்பேன் சார்" என்றான். "எடம் இருக்குன்னு சொன்னதுலதான் போச்சு."

குருவம்மாள் சாப்பிடச் சொன்னாள். தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் படுத்திருக்க வேண்டிய இடம் அது.

ஜூன் 12

கல்லூரியின் புது விவரப் புத்தகம் அச்சாகி வந்திருக்கிறது. முதல் பக்கத்திலேயே குற்றாலத்துப் படம். பிரின்ஸ்பாலுக்கு இடப்பக்கம் நான். விறைப்பாக, அசட்டுச் சிரிப்போடு. தரையில் சுடலைக்கண்ணு, பலகையோடு. அவன் சிரிக்கவில்லை. கீழே எழுதியிருக்கிறது: 'சகல வகுப்பினரும் ஒரே குடும்பமாக.'

இந்த வருஷ டைம்டேபிளில் பி.ஏ. வகுப்பும் சேர்ந்து எழுபத்தைந்து கட்டம். நான் இல்லை.

ஜூன் 26, திங்கள்

இலத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தான். சொரிமுத்து. எங்கள் ஆள். கையில் அந்த விவரப் புத்தகம், மஞ்சள் பைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்திருந்தான். படத்தைக் காட்டி, "பலகை வச்சிருக்காவளே, இந்த அண்ணன் தங்கியிருக்க ரூமுலயே எனக்கும் எடம் வாங்கித் தருவீயளா சார்?" என்றான். "இவுகளப் பாத்துத்தான் எங்கய்யா என்னய இங்க சேக்கச் சம்மதிச்சாவ."

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலை போட்டால் பறவை வர இரை வேண்டும். இரையாக வைத்தது அவனை. வைத்தவன் நான்.

உண்மையைச் சொன்னேன். மூன்று பந்தி, விறகுக் கொட்டகை, எழுபத்தொன்று, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ நீங்க அவங்ககிட்ட பொய் சொல்லியிருக்கீய" என்றான்.

"ஆமா" என்றேன்.

"இப்ப அத மாத்திச் சொல்ல முடியாதா சார்?"

ஜூலை 2

குருவம்மாளிடம், சொரிமுத்து இங்கேயே இருக்கட்டும் என்றேன். "இந்தப் புத்தி ஒரு வருசத்துக்கு முன்னால வந்திருக்கப்படாதா" என்றாள். நியாயம். பாயை எடுத்துத் தாழ்வாரத்தில் போட்டாள்.

கல்லூரி எதுவும் தர வேண்டியதில்லாமல் போயிற்று. நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. பையனும் உலர்ந்த நோட்டோடு பத்து மணிக்கு வகுப்பில் இருப்பான். இரண்டில் எதைப் பார்க்க? புதிதாக ஒரு பந்தி போடுகிற வேலை அவர்களுக்கு மிச்சம்.

ஜூலை 22, சனி

குற்றாலத்தில் இன்று குழுப்படம். சொரிமுத்துவையும் கூட்டிக்கொண்டு வரும்படி பிரின்ஸ்பால் சொல்லியிருந்தார், பலகை பிடிக்க. நாங்கள் போகவில்லை. அவன் வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நான் கமிஷனுக்குக் கடிதம் எழுதினேன். 'சென்ற நவம்பர் 14ஆம் தேதி நான் உங்களிடம் தெரிவித்தது உண்மையல்ல' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். என் நல்ல கையெழுத்தில். நானே தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் போட்டேன்.

ஆகஸ்ட் 19

கமிஷனிலிருந்து பதில்: 'தங்கள் கடிதம் கிடைத்தது.' அவ்வளவுதான்.

கல்லூரியிலிருந்தும் ஒன்று: 'டியூட்டர் பதவி இனித் தேவைப்படவில்லை.' அவர்கள் எழுதியதும் இரண்டு வரி கூட இல்லை.

ஆகஸ்ட் 31

கடைசி நாள். பதிவேடுகளை ஒப்படைத்தேன். பிரின்ஸ்பால் கை கொடுத்தார். "உங்களுக்கு நான் எவ்வளவோ செஞ்சேன்" என்றார். அவர் அப்படித்தான் நம்புகிறார்.

கேட் தாண்டி வரும்போது பின்னால் ஆதம் கூப்பிட்டான். தலையில் நாற்காலி. "இதயும் கொண்டுபோயிரச் சொன்னாவ சார். இங்கன யாரும் உக்கார மாட்டாவளாம்." துல்கர்னைன் உட்காருவார் என்றேன். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. துல்கர்னைன் தெருமுனை வரை கூட வந்தார். சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

செப்டம்பர் 18, திங்கள்

சுரண்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் நடத்துகிறேன். கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு. விடிகாலை பஸ்ஸில் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறேன். அங்கேயே வீடு பார்க்கலாமே என்று தலைமையாசிரியர் சொன்னார். தென்காசியில் ஒருவன் இருக்கிறான், அவன் முடிக்கும் வரை முடியாது என்றேன். இப்போது தினமும் தூரம் போய்வருகிறவன் நான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது, சொரிமுத்து தாழ்வாரத்தில் அந்த நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, கைப்பிடியில் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான். உட்காரச் சொன்னேன். வருகை எவ்வளவு என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் ஒரு நாளும் விடல சார்" என்றான். "முழுசு."